பழங்காலக் கார்களின் திருட்டுத் தடுப்பு

பழங்காலக் கார்களின் திருட்டுத் தடுப்பு என்பது, பல ஆண்டுகளுக்கு முன் தயாரிக்கப்பட்டு இன்றும் பேணப்பட்டு வரும் கார்கள் களவு போகாமல் காக்க உதவும் பூட்டுகள், மறைவான மின் இணைப்புகள், எச்சரிக்கைக் கருவிகள், நிறுத்தும் முறைகள், ஆவணங்கள் ஆகியவற்றைக் குறிக்கும். பழைய வாகனச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிவா, குறைந்தது 30 ஆண்டுகள் பழமையானதும், தன் காலத்துக்குரிய தோற்றத்தில் பேணப்படுவதும், அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாததுமான வாகனத்தை வரலாற்று வாகனம் என்று வரையறுக்கிறது. இந்தியாவில் அம்பாசடர், பிரீமியர் பத்மினி, சென்னையை அடுத்த தொழிற்சாலையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, இலங்கைச் சாலைகளில் இன்றும் காணப்படும் மொரிஸ் மைனர் போன்றவை தமிழ் வாசகர்களுக்கு நன்கு தெரிந்த பழைய கார்கள்.

இன்று விற்பனையாகும் காரில் சாவிக்குள் இருக்கும் மின்னணுச் சில்லை இன்ஜின் அடையாளம் கண்டால்தான் வண்டி இயங்கும். பழைய காரில் அப்படி எதுவும் இல்லை. அதே நேரத்தில், புதிய கார் திருடுபோனால் காப்பீட்டுத் தொகையைக் கொண்டு அதே போன்ற இன்னொன்றை வாங்கலாம். தாத்தா வாங்கிய காரையோ, பல ஆண்டுகள் உதிரிப்பாகம் தேடிச் சீரமைத்த காரையோ அப்படி வாங்க முடியாது. எனவே பழைய காரின் பாதுகாப்பை உரிமையாளரே திட்டமிட வேண்டியுள்ளது. எந்த ஒரு கருவியும் திருட்டை முழுமையாகத் தடுத்துவிடாது. ஆனால் ஒன்றுக்கொன்று துணையான இரண்டு மூன்று தடைகள், திருடுவதற்கு ஆகும் நேரத்தையும் சத்தத்தையும் பிடிபடும் அச்சத்தையும் கூட்டுகின்றன. இதுவே திருட்டுத் தடுப்பின் அடிப்படை.

பழைய கார் ஏன் எளிதில் திருடுபோகிறது

1950, 1960களின் கார்களில் பெரும்பாலானவற்றில் சாவி செய்த வேலை மிகச் சிறியது. பேட்டரியிலிருந்து இக்னிஷன் காயிலுக்குச் செல்லும் மின்சாரத்தை இணைப்பதும் துண்டிப்பதும் மட்டுமே அதன் பணி. அந்த இணைப்பை டேஷ்போர்டின் பின்புறமோ பானெட்டின் அடியிலோ வேறு வழியில் ஏற்படுத்திவிட்டால் சாவி தேவையற்றதாகிவிடும். மொரிஸ் மைனர் போன்ற கார்களில் ஸ்டார்ட்டரை இயக்கத் தனியாக ஓர் இழுப்புக் குமிழ் இருந்தது. அதற்கும் சாவிக்கும் தொடர்பில்லை. கைப்பிடிக் கம்பியைச் சுழற்றி இன்ஜினைக் கிளப்பும் வசதியும் அக்காலக் கார்கள் பலவற்றில் இருந்தது.

கதவுப் பூட்டுகளும் வலுவானவை அல்ல. ஒரு தயாரிப்பாளரின் எல்லாக் கார்களுக்கும் குறைந்த எண்ணிக்கையிலான சாவி வடிவங்களே பயன்பட்டதால், ஒரு காரின் சாவி மற்றொரு காரைத் திறப்பது உண்டு. பல ஆண்டுகள் தேய்ந்த பூட்டில் இது இன்னும் எளிது. பிரிட்டனில் தயாரான பழைய கார்கள் பலவற்றில் சாவியின் எண் பூட்டின் முகத்திலேயே பொறிக்கப்பட்டிருந்தது. எம்ஜி நிறுவனத்தின் டிசி போன்ற திறந்த கார்களில் கதவுக்குப் பூட்டே கிடையாது. பழைய மினி காரின் பானெட்டைச் சாவி இல்லாமல் வெளியிலிருந்தே திறக்கலாம்.

ஸ்டியரிங் பூட்டு வந்த வரலாறு இங்கே நினைவுகூரத்தக்கது. சாவியை எடுத்ததும் ஸ்டியரிங் தண்டு அசையாமல் பூட்டிக்கொள்ளும் அமைப்பை மேற்கு ஜெர்மனி 1960களின் தொடக்கத்தில் பழைய, புதிய கார்கள் அனைத்துக்கும் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் 1970 ஜனவரி 1 முதல் தயாரான கார்களுக்கு, சாவியை எடுத்தபின் ஸ்டியரிங்கையோ வண்டியின் முன்னோட்டத்தையோ தடுக்கும் பூட்டு கட்டாயமானது. பிரிட்டன் 1971இல் புதிய கார்களுக்கு மட்டும் ஸ்டியரிங் பூட்டைக் கட்டாயமாக்கியது. ஜெர்மனியில் கார் திருட்டு குறைந்தது. பிரிட்டனில் பூட்டு உள்ள புதிய கார்கள் தப்பின. திருட்டு, பூட்டு இல்லாத பழைய கார்களின் பக்கம் திரும்பியது. குற்றத் தடுப்பு ஆய்வாளர்கள் இந்த ஒப்பீட்டை இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு. புதிய கார்கள் பாதுகாப்பாக ஆக, பாதுகாப்பற்ற பழைய கார் மேலும் எளிய இலக்காகிறது என்பதே இதன் பொருள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 அக்டோபரிலிருந்தும், ஆஸ்திரேலியாவில் 2001 ஜூலையிலிருந்தும் புதிய கார்களுக்கு மின்னணு இன்ஜின் தடுப்பான் கட்டாயமானது. அதற்கு முந்தைய கார்கள் பெரும்பாலும் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிற்கின்றன.

திருட்டின் வகைகள்

பாதுகாப்புக் கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன், கார் எந்தெந்த வழியில் போகக்கூடும் என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஓட்டிச் செல்லுதல்: கதவைத் திறந்து இன்ஜினைக் கிளப்பி ஓட்டிச் செல்வது. இன்ஜின் தடுப்பும் ஸ்டியரிங், கியர் பூட்டுகளும் இதற்கு எதிரானவை.

தூக்கிச் செல்லுதல்: இழுவை வண்டியிலோ தட்டையான லாரியிலோ ஏற்றிச் செல்வது. பழைய மினி காரின் எடை ஏறத்தாழ 600 கிலோதான். நான்கு பேர் சேர்ந்தால் தள்ளிக்கொண்டே போய்விடலாம். இன்ஜின் தடுப்பு இதற்குப் பயன்படாது. சக்கரப் பூட்டு, தரையில் பதித்த சங்கிலி, இருப்பிடங்காட்டி ஆகியவையே உதவும்.

ஏமாற்றிப் பெறுதல்: விலைக்கு வாங்குவதாக வந்து, ஓட்டிப் பார்க்கிறேன் என்று சாவியை வாங்கிச் செல்வது. இதற்குப் பூட்டு எதுவும் துணையில்லை.

உதிரிப்பாகத் திருட்டு: சக்கர மூடி, சின்னம், விளக்கு, கார்புரேட்டர், ரேடியோ போன்றவற்றைக் கழற்றிச் செல்வது. இன்று கடைகளில் கிடைக்காத ஒரு பாகம் போனால், அதைத் தேடிப் பிடிக்கும்வரை கார் முடங்கிக் கிடக்க நேரலாம்.

காரை நகரவிடாத பூட்டுகள்

ஸ்டியரிங் பூட்டு: ஸ்டியரிங் வளையத்தின் குறுக்கே மாட்டும் இரும்புத் தண்டு இது. தண்டு இருக்கையையோ கதவையோ இடிப்பதால் ஸ்டியரிங்கை முழுவதும் திருப்ப முடியாது. வெளியிலிருந்து பார்த்தாலே தெரிவது இதன் பெரிய நன்மை. பலர் கண்ணாடி வழியே பார்த்தவுடன் அடுத்த வண்டியைத் தேடிப் போய்விடுவர். ஆனால் பூட்டு எவ்வளவு வலுவானதாக இருந்தாலும், அது பிடித்திருக்கும் வளையம் வலுவற்றதாக இருந்தால் பயனில்லை. பழைய கார்களின் ஸ்டியரிங் வளையம் மெல்லியது. அதை அறுத்து வளைத்தால் பூட்டு கழன்றுவிடும். வளையம் முழுவதையும் வட்டத் தட்டாக மூடும் வகைப் பூட்டு இதைவிடச் சிறந்தது. வளையத்தை அறுப்பதற்கு இடமே தராது. வாங்கும் முன், பழைய கார்களின் பெரிய விட்டமுள்ள ஸ்டியரிங்குக்கு அது பொருந்துமா என்று அளந்து பார்க்க வேண்டும்.

கியர் பூட்டு: இந்தியாவில் கார் உபகரணக் கடைகளில் பரவலாகக் கிடைப்பது. கியர் கம்பியைப் பெரும்பாலும் ரிவர்ஸ் நிலையில் பிடித்து நிறுத்தும். இந்தப் பூட்டுகள் தரையிலிருந்து எழும் கியர் கம்பிக்காக வடிவமைக்கப்பட்டவை. அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் நெடுங்காலம் ஸ்டியரிங் தண்டிலேயே கை கியர் இருந்தது. அவற்றில் இந்தப் பூட்டைப் பொருத்த முடியாது. ஸ்வீடனின் சாப் நிறுவனம் சாவித் துவாரத்தை முன் இருக்கைகளுக்கு நடுவே வைத்து, சாவியை எடுக்கும்போது கியர் ரிவர்ஸில் பூட்டிக்கொள்ளும்படி செய்தது. தொழிற்சாலையிலேயே சிந்தித்துச் செய்யப்பட்ட கியர் பூட்டுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பெடல் பூட்டு: கிளட்ச் அல்லது பிரேக் பெடலை அழுத்தவிடாமல் செய்யும் பூட்டு. குனிந்து அறுக்கவேண்டிய இடத்தில் இருப்பதால் திருடுபவருக்கு வேலை கடினம். கை கியர் உள்ள கார்களுக்கு இது பொருத்தமானது.

சக்கரப் பூட்டு: சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் இரும்புக் கவ்வி. ஓட்டிச் செல்வதையும் தள்ளிச் செல்வதையும் ஒருசேரத் தடுக்கும். பல வாரங்கள் நிறுத்திவைக்கும் காருக்கு ஏற்றது. பூட்டியிருப்பதை மறந்து வண்டியை எடுத்தால் சக்கரமும் மட்கார்டும் சேதமாகும் என்பதால், ஸ்டியரிங்கில் ஓர் அட்டையைத் தொங்கவிடுவது பலரின் வழக்கம்.

தரைக் கொக்கியும் சங்கிலியும்: கொட்டகையின் கான்கிரீட் தரையில் பதித்த கொக்கியோடு காரைச் சங்கிலியால் பிணைப்பது. சங்கிலியை ஆக்சில் போன்ற வலுவான பகுதியில் கோர்க்க வேண்டும். பம்பரில் கோர்த்தால் பம்பரைக் கழற்றினால் போதும். பிரேக் குழாய்களில் சங்கிலி உரசாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்ஜினைக் கிளம்பவிடாத வழிகள்

பெட்ரோல் இன்ஜின் ஓட எரிபொருளும் தீப்பொறியும் வேண்டும். இவற்றில் ஒன்றை மறித்தாலும் கார் கிளம்பாது. பழைய காரின் எளிய அமைப்பு திருடுபவருக்கு உதவுவது போலவே உரிமையாளருக்கும் உதவுகிறது.

ரோட்டரை எடுத்துவைத்தல்: டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் சுழலும் சிறு பாகமே ரோட்டர். காயிலிலிருந்து வரும் உயர் மின்னழுத்தத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிடுவது இதுதான். இதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் இன்ஜின் சுழலும், ஆனால் பற்றாது. 1940இல் ஜெர்மானியப் படையெடுப்பை எதிர்பார்த்த பிரிட்டன், நிறுத்திவைக்கும் வண்டிகளை எதிரி பயன்படுத்த முடியாதபடி முடக்கிவைக்க வேண்டும் என்று ஆணையிட்டது. அப்போது ஓட்டுநர்கள் பெரிதும் கையாண்ட வழி இதுவே. செலவில்லாதது, காரில் எந்த மாற்றமும் செய்யாதது. ஆயினும் ஒவ்வொரு முறையும் பானெட்டைத் திறக்க வேண்டும். மூடியைச் சரியாகப் பொருத்தவும் வேண்டும். விழாக்களிலும் வெளியூர்த் தங்கலிலும் பயன்படுத்த ஏற்றது.

பேட்டரி துண்டிப்பான்: பேட்டரியின் எர்த் கம்பியில் பொருத்தும் பெரிய சுவிட்ச். அணைத்தால் காரின் மின்சாரம் முழுவதும் நிற்கும். திருட்டைத் தடுப்பதோடு, பழைய வயரிங்கில் ஏற்படக்கூடிய தீ விபத்தையும் பேட்டரி வடிவதையும் தடுப்பதால், பழைய காரில் முதலில் பொருத்தத்தக்க கருவி இது என்று கூறலாம். ஸ்டார்ட்டர் இயங்கும்போது நூறு ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டம் பாயும். அதைத் தாங்கும் தரமுள்ள துண்டிப்பானையே பயன்படுத்த வேண்டும். ஆல்டர்னேட்டர் உள்ள காரில் இன்ஜின் ஓடும்போது இதை அணைக்கக் கூடாது. ஆல்டர்னேட்டரின் டயோடுகள் பழுதாகிவிடும். கைப்பிடியைக் கழற்றி எடுக்கும் வகை கூடுதல் பாதுகாப்பு தரும். சொந்தமாகப் பேட்டரி கொண்டுவரும் திருடரை மட்டும் இது தடுக்காது.

மறைவுச் சுவிட்ச்: காயிலுக்குச் செல்லும் மின்சாரத்தை மறைவான இடத்திலிருந்து துண்டிக்கும் சிறு சுவிட்ச். சாதாரண 12 வோல்ட் காயில் ஏறத்தாழ 4 ஆம்பியர் இழுக்கும். எனவே 10 ஆம்பியர் தரமுள்ள சுவிட்ச் போதும். இதை இருவகையில் இணைக்கலாம். முதல் வகையில் சுவிட்ச் காயிலின் வரவுக் கம்பியின் நடுவே இருக்கும்; அணைத்தால் மின்சாரம் வராது. சுவிட்ச் பழுதானால் ஓடும் வண்டியும் நின்றுவிடும் என்பது இதன் குறை. இரண்டாம் வகையில், காயிலையும் பிளாட்டினம் பாயிண்டையும் இணைக்கும் முனை எர்த்துடன் சேர்க்கப்படும், தீப்பொறி எழாது. இதில் மறைவுக் கம்பி அறுந்தாலும் வண்டி ஓடும். ஆனால் அந்த நிலையில் சாவியைத் திருப்பியே வைத்திருந்தால் காயில் சூடாகும். எந்த வகையானாலும் சுவிட்சை, காரில் ஏற்கெனவே உள்ள பொத்தான்களைப் போலத் தோன்றும்படியோ கைக்கு எட்டும் மறைவிடத்திலோ வைக்கலாம். இடத்தை உரிமையாளரும் குடும்பத்தில் ஒருவரும் மட்டும் அறிந்திருப்பது நல்லது.

எரிபொருள் தடுப்பு: மின்சார எரிபொருள் பம்ப் உள்ள காரில் அதன் மின்சாரத்தை நிறுத்தலாம். இன்ஜினால் இயங்கும் பம்ப் உள்ள காரில் குழாயின் நடுவே ஒரு குழாய்த் திருகு வைக்க வேண்டும். கார்புரேட்டர் கிண்ணத்தில் மீதமுள்ள பெட்ரோலில் கார் சிறிது தூரம் ஓடிப் பின் நிற்கும். கார் வீட்டைவிட்டுப் போய்விடும் என்பதும், நடுச்சாலையில் நிற்கலாம் என்பதும் இதன் குறைகள். குழாய் இணைப்பில் கசிவு இருந்தால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. எனவே இதைத் துணை ஏற்பாடாகவே கொள்ள வேண்டும்.

விதிவிலக்குகள்: மேக்னெட்டோ பொருத்திய மிகப் பழைய கார்களில் தீப்பொறிக்குப் பேட்டரி தேவையில்லை, ஆகவே பேட்டரி துண்டிப்பான் பயன் தராது, மேக்னெட்டோவை எர்த் செய்யும் சுவிட்சே வேண்டும். பழைய அம்பாசடர் டீசல் போன்ற வண்டிகளில் தீப்பொறியே கிடையாது. அங்கே காயிலும் ரோட்டரும் இல்லை; எரிபொருளை நிறுத்துவதே வழி. தள்ளிக் கிளப்பினாலே அவை ஓடத் தொடங்கிவிடும்.

அலாரமும் இருப்பிடங்காட்டியும்

அலாரம் காரைத் தடுத்து நிறுத்தாது, கவனத்தை ஈர்க்கும். ஆகவே ஒலியைக் கேட்டு வர யாராவது இருக்கும் இடத்தில்தான் அதற்குப் பயன். தூக்கிச் செல்வதைக் கண்டறியச் சாய்வு உணரி உள்ள அலாரம் தேவை.

இவற்றைப் பழைய காரில் பொருத்தும் முன் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது மின்னழுத்தம். 1960களின் நடுப்பகுதி வரை வந்த ஃபோக்ஸ்வேகன் பீட்டில் உள்ளிட்ட பல கார்கள் 6 வோல்ட்டில் இயங்கின. இன்றைய அலாரங்கள் 12 வோல்ட்டுக்கானவை. இரண்டாவது எர்த். மொரிஸ் மைனர் உள்ளிட்ட பழைய பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே காரின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இன்றைய மின்னணுக் கருவிகள் நெகட்டிவ் எர்த்துக்காகச் செய்யப்பட்டவை. பாராமல் இணைத்தால் கருவி எரிந்துபோகும். உடலில் பட்டால் குறுக்கு மின்சாரம் பாய்ந்து தீயும் பிடிக்கலாம். இத்தகைய கார்களுக்குத் தனிப் பேட்டரியில் இயங்கும் கருவிகளே பாதுகாப்பானவை.

பேட்டரி வடிதலும் ஒரு சிக்கல். 20 மில்லி ஆம்பியர் இழுக்கும் ஓர் அலாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை ஆம்பியர்-மணி எடுக்கும். 40 ஆம்பியர்-மணிப் பேட்டரி சுமார் 40 நாளில் பாதியாகிவிடும். மாதக்கணக்கில் நிற்கும் காருக்குப் பேட்டரியை நிறைவாக வைத்திருக்கும் சிறு சார்ஜர் தேவைப்படும்.

இருப்பிடங்காட்டி திருட்டைத் தடுப்பதைவிட, திருடுபோன காரை மீட்கவே உதவுகிறது. அமெரிக்காவில் லோஜாக் என்ற வானொலி அலைக் கருவி 1986இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அறிமுகமானது. கார் களவுபோனதும் கருவி அலை அனுப்பும்; காவல் வண்டிகள் அதைத் தொடர்ந்து செல்லும். எந்தக் காரில் அது இருக்கிறது என்று வெளியே தெரியாததால், அது பரவிய நகரங்களில் பொருத்தாத கார்களுக்கும் பாதுகாப்புக் கிடைத்தது என்று 1998இல் வெளியான பொருளியல் ஆய்வு ஒன்று கூறியது. இன்றைய கருவிகள் ஜிபிஎஸ் மூலம் இடத்தை அறிந்து, சிம் அட்டை வழியாகக் கைபேசிக்குச் செய்தி அனுப்புகின்றன. இரும்புப் பெட்டகத்துக்குள்ளோ நிலத்தடித் தளத்திலோ சமிக்ஞை கிடைக்காது. சிம் கட்டணம் காலாவதியாகாமல் பார்ப்பதும், மாதம் ஒருமுறை சோதிப்பதும் அவசியம். கருவியை டேஷ்போர்டின் அடியில் வைப்பது எல்லோரும் அறிந்த வழக்கம் என்பதால் வேறு இடம் தேடுவது நல்லது.

நிறுத்தும் இடம்

பூட்டிய கொட்டகையே சிறந்த பாதுகாப்பு. கொட்டகைக் கதவின் பூட்டு, தாழ்ப்பாள், கீல் மூன்றும் ஒரே வலுவுடன் இருக்க வேண்டும். உயர்ந்த பூட்டை மெல்லிய தாழ்ப்பாளில் மாட்டினால் தாழ்ப்பாளே பெயர்க்கப்படும். கார் சாவியைக் கொட்டகையிலேயே ஆணியில் மாட்டிவைப்பது பரவலான தவறு. வேறொரு வண்டியைக் குறுக்கே நிறுத்துவதும் நல்ல தடை.

வெளியில் நிறுத்தும்போது வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடத்தைத் தேர்ந்து, முன்பக்கம் சுவரை நோக்கி இருக்கும்படி நிறுத்தி, சக்கரத்தை ஒருபுறம் திருப்பி, கியரில் போட்டு ஹேண்ட்பிரேக் இட வேண்டும். உறை போட்டு மூடுவது காரை மறைக்கும். ஆயினும் உள்ளே மதிப்புள்ள வண்டி இருக்கிறது என்றும் காட்டிக்கொடுக்கும். ஆகவே திறந்த தெருவைவிடச் சுற்றுச்சுவருக்குள் உறை பயன்தரும்.

சமூக வலைத்தளங்களில் இடும் படங்களும் தகவல் தருபவை. வீட்டு முகப்பு, தெருப்பெயர், கொட்டகைக் கதவு ஆகியவை தெரியும் படத்தைத் தவிர்ப்பது நல்லது. விற்பனைக்குக் காட்டும்போது வருபவரின் அடையாள அட்டையைப் பார்த்து, ஓட்டிப் பார்க்கும்போது உடன் அமர்ந்து செல்ல வேண்டும்.

அடையாளமும் ஆவணமும்

காரின் நிறத்தை ஒரே இரவில் மாற்றிவிடலாம். பாடகி ஜானிஸ் ஜோப்ளின் பயன்படுத்திய, பலவண்ண ஓவியங்கள் தீட்டிய போர்ஷே 356 கார் ஒருமுறை திருடுபோனபோது, திருடியவர் ஓவியத்தின்மேல் சாம்பல் நிறம் பூசினார். அந்தக் கார் பின்னர் மீட்கப்பட்டது. ஆனால் எல்லாக் காரும் அவ்வளவு புகழ்பெற்றது அல்ல. பெரும்பாலான கார்களை அடையாளப்படுத்துவது அவற்றின் உடலிலும் இன்ஜினிலும் பொறித்த எண்களே.

1969இல் நியூயார்க்கில் திருடுபோன 1968ஆம் ஆண்டு கார்வெட் ஒன்று, ஏறத்தாழ 37 ஆண்டுகளுக்குப் பின் கலிபோர்னியத் துறைமுகம் ஒன்றில், ஸ்வீடனுக்குக் கப்பலேற்றப்படும் நிலையில் பிடிபட்டது. காரின் எண்ணைச் சோதித்தபோது அது திருடுபோன வண்டி எனத் தெரியவந்தது. பழைய காவல்துறைப் பதிவோடு அது ஒத்துப்போனதால் உரிமையாளருக்கே திரும்பிச் சென்றது. எண் பதிவாகியிருக்காவிட்டால் அந்தக் கார் கடல் கடந்திருக்கும். மாறாக, 1964இல் வெளிவந்த கோல்ட்ஃபிங்கர் திரைப்படத்தில் இடம்பெற்ற ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 கார், 1997 ஜூனில் அமெரிக்காவின் புளோரிடாவில் விமானக் கொட்டகை ஒன்றிலிருந்து களவுபோனது. மூடிய கட்டடம் மட்டும் போதாது என்பதற்கு இது சான்று.

வாகனங்களுக்கு 17 எழுத்துகள் கொண்ட சீரான அடையாள எண் அமெரிக்காவில் 1981ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கார்களில் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி எண்ணிட்டது. பல கார்களில் அந்த எண் திருகாணியால் பொருத்திய ஒரு சிறு தகட்டில் மட்டுமே இருக்கும். தகட்டைக் கழற்றி மாற்றினால் காரின் அடையாளமே மாறிவிடும். ஆகவே உரிமையாளர் கீழ்க்கண்டவற்றைச் சேகரித்து வைப்பது நல்லது:

சேஸிஸ் எண், இன்ஜின் எண், அவை பொறித்துள்ள இடங்களின் தெளிவான படங்கள்.

காரின் நான்கு புறமும், உட்புறம், பானெட்டின் அடி, டிக்கி ஆகியவற்றின் படங்கள்.

இந்தக் காருக்கு மட்டுமே உரிய அடையாளங்கள்: பற்றவைத்த தழும்பு, மாற்றிய பாகம், இருக்கைத் தையல் போன்றவை.

வாங்கிய ரசீதுகள், பழுதுபார்த்த ரசீதுகள், முந்தைய உரிமையாளரின் ஆவணங்கள்.

இவற்றின் நகல்களை வீட்டிலும் இணையச் சேமிப்பிலுமாக இரண்டு இடங்களில் வைக்க வேண்டும். காருக்குள் வைக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத சில இடங்களில் எண்ணைப் பொறித்து வைப்பதும், எண் அச்சிட்ட நுண்புள்ளிகளைத் தெளிப்பதும் கூடுதல் பாதுகாப்பு.

இந்தியாவில் 2021 ஜூலையில் வெளியான விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த, அசல் வடிவில் பேணப்படும் இருசக்கர, நான்குசக்கர வாகனங்களைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவுசெய்யலாம். பதிவெண்ணில் மாநிலக் குறியீட்டுக்குப் பின் விஏ என்ற எழுத்துகள் வரும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். 10 ஆண்டுகள் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். இந்தப் பதிவு காரின் அடையாளத்தை அரசு ஆவணத்தில் உறுதிப்படுத்துவதால், திருட்டுக்குப் பின் உரிமையை நிலைநாட்டவும் உதவும்.

காப்பீடு

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருந்தால் திருட்டுக்கு இழப்பீடு கிடைக்காது. சொந்தச் சேதத்தையும் உள்ளடக்கிய முழுக் காப்பீடு வேண்டும். இந்தியாவில் காப்பீட்டு மதிப்பு, காரின் வயதுக்கேற்பத் தேய்மானம் கழித்துக் கணக்கிடப்படுகிறது. 5 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கும், தயாரிப்பு நின்றுபோன மாதிரிகளுக்கும் நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகையே மதிப்பாகும். உரிமையாளர் எதுவும் கேட்காமல் கையெழுத்திட்டால், லட்சக்கணக்கில் செலவிட்டுச் சீரமைத்த காருக்குச் சில ஆயிரம் மட்டுமே மதிப்பாக எழுதப்படலாம். சீரமைப்பு ரசீதுகளும் மதிப்பீட்டாளர் அறிக்கையும் இந்த இடத்தில் கைகொடுக்கும். அங்கீகாரம் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவி பொருத்தினால் கட்டணத்தில் சிறு தள்ளுபடி தரும் நடைமுறையும் உண்டு. காப்பீடு எடுக்கும்போதே அதைக் கேட்டறிய வேண்டும்.

அசல் தன்மையைக் காத்தல்

பாதுகாப்புக்காகச் செய்யும் மாற்றம் காரின் அசல் தன்மையைக் குலைத்துவிடக் கூடாது. வரலாற்று வாகனங்களைப் பேணுவது பற்றி ஃபிவா வகுத்த டுரின் சாசனம், தவிர்க்க முடியாத மாற்றங்கள் இயன்றவரை பழைய நிலைக்குத் திருப்பக்கூடியவையாக இருக்க வேண்டும் என்ற கருத்தை முன்வைக்கிறது. டேஷ்போர்டில் துளையிடாமல் ஏற்கெனவே உள்ள துளையில் தகடு பொருத்துவதும், அசல் கம்பியை வெட்டாமல் இடையில் இணைப்பானைச் சேர்ப்பதும் நல்ல முறைகள். புதிய கம்பி ஒவ்வொன்றுக்கும் ஃபியூஸ் வேண்டும். துணி சுற்றிய பழைய கம்பிகள் நொறுங்கும் நிலையில் இருந்தால் முதலில் அவற்றை மாற்ற வேண்டும். செய்த மாற்றத்தை வரைபடமாக எழுதிவைத்தால், பிற்காலத்தில் காரைப் பழுதுபார்க்கும் மெக்கானிக் திணற வேண்டியிருக்காது.

திருடுபோனால் செய்ய வேண்டியவை

கார் இல்லை என்று அறிந்தவுடன், இழுவை வண்டியால் அகற்றப்படவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் அவசர அழைப்பு எண் 112. இருப்பிடங்காட்டி இடத்தைக் காட்டினாலும் தனியாகத் தேடிச் செல்லாமல் அந்தத் தகவலைக் காவலரிடம் தருவதே பாதுகாப்பானது. முதல் தகவல் அறிக்கையில் சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் பிழையின்றி எழுதப்பட்டுள்ளனவா என்று சரிபார்க்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். நிறுவனம் காரின் எல்லாச் சாவிகளையும், காரைக் கண்டுபிடிக்க இயலவில்லை என்ற காவல்துறை அறிக்கையையும் கேட்கும்.

பழைய கார் சங்கங்களுக்கும், அந்த மாதிரிக்கான உதிரிப்பாக விற்பனையாளர்களுக்கும், பட்டறைகளுக்கும் படத்துடன் செய்தி அனுப்புவதும் பயன் தரும். ஒரு மாதிரியில் எஞ்சியுள்ள வண்டிகள் குறைவு என்பதால், அவற்றை நன்கறிந்தவர் கண்ணில் படாமல் அந்தக் காரை விற்பதோ பாகம் பாகமாகப் பிரிப்பதோ எளிதல்ல. பழைய காரின் அரிதான தன்மை திருடரை ஈர்ப்பது உண்மையே. தகுந்த படமும் எண்ணும் கையில் இருந்தால், அதே அரிதான தன்மை காரை மீட்கவும் உதவும்.